செபமும் உளவளத்துணையும்

(எமது சங்கத்தின் மாசி மாத ஒன்றுகூடலில் பேசியது. மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டதற்கிணங்க எழுதித் தந்திருக்கிறேன். பேசிய மாதிரியே விட்டிருக்கிறேன், பெரிதாகத் திருத்தவில்லை.)



என்னைப் பேசச் சொல்லிக் கேட்டபோது சங்கத் தலைவர் அண்ணரிடம் நான் கேட்டது ஒன்றுதான். "ஏ. எல். வரைக்கும் படித்தவள், பிளாஸ்ரிக் பக்டரியில் மூன்று சிப்ற்றும் மாறி மாறி வேலை செய்கிறவள், உளவியலைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி?" அதற்கு அவர், "தங்கச்சி, படிச்ச ஆக்கள் பேசினால் எங்கட சனம் கையைத் தட்டிப்போட்டு வீட்ட போயிடும். நீங்கள் பேசினால் நின்று கேள்வி கேட்கும்" என்றார். அந்தத் துணிவில்தான் நிற்கிறேன். எனது மட்டக்களப்புத் தமிழை யாழ்ப்பாணத்து உறவுகள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கும் இந்த விடயத்துக்கும் உள்ள தொடர்பு இவ்வளவுதான். ஆறு வருடமாக, வேலை இல்லாத நாட்களில், அகதிகளுக்கான ஆலோசனை நிலையம் ஒன்றில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். ஒரு கதிரையில் ஜெர்மன் உளவளத்துணையாளர், எதிர்க் கதிரையில் எங்கட ஆள், பக்கத்தில் நான். அவர் "நான்" என்று சொன்னால் நானும் "நான்" என்றுதான் ஜெர்மன் மொழியில் சொல்ல வேண்டும், "அவர் சொல்கிறார்" என்று சொல்லக் கூடாது. அங்கே கேட்டது எதையும் வெளியில் சொல்லமாட்டேன் என்று கையெழுத்து வைத்திருக்கிறேன். ஆகவே இன்று இங்கே யாருடைய கதையும் வராது. "இது எங்கட தெருவில இருக்கிற இன்னாற்ற கதை" என்று யாரும் கணக்குப் போட வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கப் பெண். கிழமை நாளில் உளவியல், ஞாயிற்றுக்கிழமையில் பூசை, இது இரண்டும் உமக்குள் அடிபடுவதில்லையா என்று இரண்டு பக்கத்தவரும் என்னைக் கேட்டிருக்கிறார்கள். அதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

எம்மவரிடையே இதைப் பற்றி இரண்டு கதை உண்டு. ஒன்று, "விசுவாசம் குறைந்த ஆக்கள்தான் விசர் டொக்டரிட்டப் போவினம். முழங்காலில் நின்று செபித்தால் போகாத வருத்தம் ஒன்றும் இல்லை" என்பது. இதைப் போதகர்மார் மட்டும் சொல்வதில்லை, பக்கத்து வீட்டு மாமியும் சொல்லுவா. இரண்டாவது, கொஞ்சம் படித்தவர்கள் சொல்வது: "செபமும் நேர்த்தியும் ஊர் மூடப்பழக்கம். இது மூளையில் இரசாயனம் குறைகிற விடயம், குளிசையைப் போட்டால் சரி." முதற் கதையை நம்பினவர் வருத்தம் முற்றிய பிறகுதான் டொக்டரிடம் வருகிறார். இரண்டாவதை நம்பினவர், தன்னைத் தாங்கிக்கொண்டிருந்த ஒரே கயிற்றையும் தானே அறுத்துப் போட்டுவிட்டு வருகிறார். இரண்டு பேரையும் அந்தக் கதிரையில் கண்டிருக்கிறேன்.

"விசர்" என்ற சொல் எங்களை விட்டுப் போகவில்லை. ஊரில் அங்கொடை என்று சொன்னாலே கலியாணம் குழம்பும். தெல்லிப்பழை, மந்திகை என்றாலும் அப்படித்தான். வருத்தக்காரன் ஒருவன், ஆனால் தங்கச்சிமார் மூன்று பேருக்கும் மாப்பிள்ளை வராது. அந்தப் பயத்தைத்தான் நாங்கள் கொழும்பில் விமானம் ஏறும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தோம்.

சொல்லைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. இங்கே குருமார் ஆஸ்பத்திரியில் வந்து நோயாளரைப் பார்ப்பதை "ஸேல்ஸோர்க" என்று சொல்லுவார்கள். "ஸேலே" என்றால் ஆன்மா. "ஸோர்க" என்றால் கவலை, அதே சொல்லுக்குக் கவனிப்பு என்ற கருத்தும் உண்டு. கவலைப்படுவதும் கவனித்துக்கொள்வதும் இவர்களுக்கு ஒரே சொல். உளவியலுக்கு இவர்கள் சொல்லும் "சைக்கோலோகி"யில் வரும் "சைக்கே"யும் கிரேக்கத்தில் ஆன்மாதான். ஆக, கோயிலடியில் இருப்பவரும் உளவியலாளரும் வாசலில் எழுதி வைத்திருப்பது ஒரே பெயர். எங்கட ஆட்கள் சீர்மியம், ஆற்றுப்படுத்தல், உளவளத்துணை என்று மூன்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆற்றுப்படுத்தல் எனக்குப் பிடிக்கும், அதில் ஆறு ஓடுகிறது.

இந்த இரண்டு பகுதிக்கும் பழைய சண்டையும் உண்டு, பழைய சிநேகமும் உண்டு. உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய சிக்மண்ட் பிராய்ட் கடவுளை நம்பாதவர். ஆனால் சூரிச்சில் இருந்த ஒஸ்கார் பிஸ்ரர் என்ற போதகருக்கும் அவருக்கும் 1909 இலிருந்து பிராய்ட் இறந்த 1939 வரை, முப்பது வருடம், கடிதப் போக்குவரத்து இருந்தது. பிஸ்ரர் தன் சபை மக்களுக்கு உதவ பிராய்டின் முறையைப் பாவித்தவர். 1927 இல் பிராய்ட், சமயம் ஒரு மாயை என்ற கருத்தில் புத்தகம் எழுதினார். அடுத்த வருடம் பிஸ்ரர் அதற்கு மறுப்பு எழுதினார். எழுதிவிட்டு இரண்டு பேரும் தொடர்ந்தும் சிநேகிதர்களாகவே இருந்தார்கள். எங்கட சங்கங்களில் ஒரு கணக்கறிக்கையில் கருத்து வேறுபட்டால் பத்து வருடம் முகம் பார்க்காமல் இருக்கிறோம், இதை இந்த இடத்தில் சொல்லாமல் விட முடியவில்லை.

அமெரிக்காவில் அன்ரன் பொய்சன் என்ற போதகருக்கு 1920 இல் கடும் மனநோய் வந்து ஆஸ்பத்திரியில் அடைத்து வைத்தார்கள். சுகமாகி வந்த மனிதர், அப்படியான ஆஸ்பத்திரி ஒன்றுக்கே ஆன்ம குருவாகப் போய், 1925 இல் இறையியல் மாணவர்களை அங்கே கூட்டிவந்து பயிற்றத் தொடங்கினார். புத்தகத்தைப் படிப்பது போல மனிதரையும் படிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. இன்றைக்கு ஆஸ்பத்திரிக் குருமாருக்கு உலகம் முழுவதும் கொடுக்கிற பயிற்சிக்கு அதுதான் தொடக்கம்.

இந்தியாவில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957 இல் மனநல நிலையத்தைத் தொடங்கியது. டொக்டர் புளோரன்ஸ் நிக்கல்ஸ் என்ற மிசனறி மனநல மருத்துவர் அதைத் தொடக்கி வைத்தவர்களில் முக்கியமானவர். அங்கே நோயாளியைத் தனியே உள்ளே தள்ளிக் கதவைப் பூட்டுவதில்லை, வீட்டு ஆள் ஒருவர் கூடவே தங்க வேண்டும். அதே தமிழ்நாட்டில் ஏர்வாடியில் 2001 ஆவணி 6 இல், வழிபாட்டிடத்தை நம்பிக் கொண்டுவந்து சங்கிலியில் கட்டி வைத்திருந்த மனநோயாளர் 28 பேர் நெருப்பில் இறந்தார்கள். ஓட முடியவில்லை, சங்கிலி. சமய நம்பிக்கையோடு வருகிறவரை ஏற்றுக்கொண்ட இடங்கள்தான் இரண்டும். ஒன்றில் சொந்தக்காரர் பக்கத்தில் இருந்தார், மற்றதில் சொந்தக்காரர் விட்டுவிட்டுப் போனார்.

இனி எங்கட ஊருக்கு வருகிறேன். மட்டக்களப்பில் இயேசு சபைக் குருவானவர் போல் சற்குணநாயகம் அடிகளார் உளவளத்துணை படித்தவர், அந்தத் தொழிலுக்கென்றே நிலையம் நடத்தியவர். கனடாவில் இருந்து வந்த போல் ஹோகன் என்ற கலைஞரோடு சேர்ந்து 1996 இல் அவர் வண்ணத்துப்பூச்சிச் சமாதானப் பூங்காவைத் தொடக்கினார். கிராமங்களில் இருந்து பிள்ளைகளைக் கூட்டிவந்து, களிமண் பிசைய, படம் கீற, கதை சொல்ல, நாடகம் போட, ஆடு மாடு முயலோடு இருக்க விட்டார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக. 1990 ஆவணி, புரட்டாதியில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் சத்துருக்கொண்டானிலும் நடந்தவை தெரிந்தவர்களுக்கு, ஆறு வருடம் கழித்து அந்தப் பிள்ளைகளை ஒரே மண்ணில் இருத்தி விளையாட விடுவது எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்கும். அதே 1990 ஆவணியில்தான், மட்டக்களப்பில் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிய அமெரிக்க இயேசு சபைக் குருவானவர் ஹேபேட் அடிகளார் வாழைச்சேனையில் இருந்து வரும் வழியில் காணாமற் போனார். அந்தக் குருமாருக்கும் இழப்பு இருந்தது.

பூங்காவில் பிள்ளையை இருத்தி, "உனக்கு என்ன நடந்தது, சொல்லு" என்று கேட்கவில்லை. வேதமும் படிப்பிக்கவில்லை. நடத்தியவர் குருவானவர், வந்த பிள்ளை சைவமோ இஸ்லாமோ கிறிஸ்தவமோ, ஒருவரையும் மதம் மாற்றுகிற பேச்சு இருக்கவில்லை. அப்படியானால் அதில் கிறிஸ்தவம் எங்கே இருக்கிறது என்று இங்கே ஒரு சகோதரர் முன்பு என்னைக் கேட்டார். பிள்ளையைக் கூட்டிவந்து சோறு கொடுத்து விளையாட விட்டதில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பரவாயில்லை.

யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரத்தைப் பலருக்குத் தெரியும். யுத்த காலத்தில் அங்கே மனநல மருத்துவராக இருந்தவர், 1998 இல் யுத்தம் தமிழரின் மனதில் விட்ட வடுக்களைப் பற்றி ஆங்கிலத்தில் பெரிய புத்தகம் எழுதியவர். மேல்நாட்டு முறைகளைக் கற்றவர்தான். ஆனாலும் மனதை ஆறவைக்க அவரவர் சமயத்தில் ஏற்கெனவே உள்ளதைப் பாவியுங்கள் என்று எழுதினார். சைவர் ஓங்காரம் சொல்லலாம், கத்தோலிக்கர் செபமாலை உருட்டலாம் அல்லது இயேசுவின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லலாம், முஸ்லிம்கள் தங்கள் துதியைச் சொல்லலாம். ஒரே சொல்லை மூச்சோடு சேர்த்துச் சொல்லும்போது உடம்பு இறுக்கம் தளர்கிறது. எங்கட அம்மம்மாமார் ஷெல் விழும்போது பதுங்குகுழியில் செபமாலையோடு இருந்தது விசுவாசம்தான். அது உடம்புக்கும் வைத்தியமாக இருந்திருக்கிறது.

ஜெர்மனியில் இருக்கிற எங்களுக்குக் கிட்டின கதை ஒன்று. இங்கே தெற்கில் கொன்ஸ்ரன்ஸ் பல்கலைக்கழகத்தில் மகி ஷவர், பிராங்க் நொய்னர், தோமஸ் எல்பேட் என்ற மூன்று பேர், யுத்தத்தில் அடிபட்டவர்களுக்கு ஒரு முறையை உருவாக்கினார்கள். நிலத்தில் ஒரு கயிறு போடுவார்கள். அதுதான் உங்கள் வாழ்க்கை. பிறந்ததில் இருந்து இன்றுவரை நடந்த நல்ல விடயங்களுக்குப் பூ, கெட்டவைக்குக் கல். கயிற்றின் நெடுக வைத்துக்கொண்டு போக வேண்டும். பிறகு ஒவ்வொரு கல்லடியிலும் நின்று, என்ன நடந்தது, எங்கே, என்ன மணம், என்ன சத்தம் என்று மெல்ல மெல்லச் சொல்ல வேண்டும். ஏனென்றால் பயங்கரமான நினைவு ஒழுங்காக அடுக்கி வைக்கப்படாத நினைவு. அதற்குத் திகதி இல்லை, அதனால் இன்றைக்கே நடப்பது போல வந்து நிற்கும். புதுவருட இரவில் இங்கே வாணவேடிக்கை வெடிக்கும்போது எங்களில் எத்தனை பேர் அறைக்குள் போய் நிற்கிறோம்? அதுதான் திகதி இல்லாத நினைவு. கதையாகச் சொல்லும்போது அதற்கு ஒரு திகதி கிடைக்கிறது, இது அன்றைக்கு நடந்தது, இன்றைக்கு இல்லை என்று.

2004 மார்கழி 26 சுனாமிக்குப் பிறகு, வடகிழக்கில் முகாம் ஒன்றில் இருந்த 31 பிள்ளைகளுக்கு இதைப் பரீட்சித்துப் பார்த்தார்கள். பாதிப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை சொல்லும் முறை, மற்றப் பாதிக்கு மூச்சுப் பயிற்சியும் தியானமும். இரண்டுக்கும் ஆறு தடவை. செய்தவர்கள் ஜெர்மன்காரர் இல்லை, பயிற்சி பெற்ற எங்கட ஆட்களே. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது கதை சொன்னவர்களில் நூற்றுக்கு 81 பேரும், தியானம் செய்தவர்களில் 71 பேரும் தேறியிருந்தார்கள். 2009 இல் இது வெளிவந்தது. இவ்வளவு சிறிய தொகையில் 81 க்கும் 71 க்கும் வித்தியாசம் இருக்கிறது என்று சொல்ல முடியாது என்பது அவர்களுடைய முடிவு. ஒன்றும் செய்யாமல் விட்ட பிள்ளைகளோடு ஒப்பிடவும் இல்லை, ஆகவே இதை வைத்து யாரும் கொடி பிடிக்கக் கூடாது. ஆனால் என்னுடைய கேள்விக்கு அது ஒரு பதில். பேசினால்தான் மாறும் என்பவரும் மௌனமாக இருந்து செபித்தால்தான் மாறும் என்பவரும் அந்த முகாமைப் பார்க்க வேண்டும்.

அதே சுனாமிக்குப் பிறகு வெளிநாடுகளில் இருந்து ஆலோசகர்கள் படை படையாக இலங்கையில் வந்து இறங்கினார்கள், பலருக்கு மொழியும் தெரியாது. காயத்திரி பெர்னாண்டோ என்ற இலங்கை உளவியலாளர் கவனித்த விடயம் ஒன்றை ஈதன் வோட்டர்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் தனது 2010 புத்தகத்தில் எழுதியிருக்கிறார். எங்கட நாட்டு மக்கள் தங்கள் துன்பத்தைச் சொல்லும்போது, மேல்நாட்டார் மாதிரி "என் மனதுக்குள் இப்படி நடக்கிறது" என்று தொடங்குவதில்லை. உடம்பு நோவையும், உறவுகளில் தன்னுடைய இடம் போனதையும்தான் சொல்லுவார்கள். தாயாக, மூத்த அண்ணனாக, ஊருக்குள் ஒரு ஆளாக இருந்த இடம் போய்விட்டது என்று.

இதை வாசித்தபோது நான் கதிரையை விட்டு எழும்பியே விட்டேன். ஏனென்றால் நான் ஒவ்வொரு கிழமையும் மொழிபெயர்ப்பது அதைத்தான்! "எப்படி உணருகிறீர்கள்?" என்று ஜெர்மன் அம்மா கேட்பார். எங்கட அண்ணை, "நெஞ்சு அடைக்குது, தலை விறைக்குது, அம்மாவின்ட செத்தவீட்டுக்குப் போகேலாமப் போச்சு" என்பார். கேள்விக்குப் பதில் வரவில்லை என்று அந்த அம்மா நினைக்கக்கூடும். ஆனால் முழுப் பதிலும் வந்துவிட்டது. மூத்த மகன், கொள்ளி வைக்க வேண்டியவன், விசா இல்லாமல் இங்கே நிற்கிறான்.

இன்னொரு சொல் "யோசினை". "கனக்க யோசிக்கிறன்" என்று எங்கட ஆள் சொன்னால் அது கவலை, நித்திரை இல்லாத கவலை. சொல்லுக்குச் சொல் ஜெர்மனில் போட்டால், "நான் நிறையச் சிந்திக்கிறேன்" என்று வரும். கேட்கிறவர், நல்ல விடயம்தானே, சிந்தியுங்கள் என்பார்! ஆகவே அந்த இடத்தில் நான் கையை உயர்த்தி நிறுத்தி, எங்கள் மொழியில் இது இன்ன கருத்து என்று விளக்குவேன்.

அதைவிடக் கஷ்டமானது, "எல்லாம் கடவுள் விட்ட வழி" என்பது. ஜெர்மன் காதுக்கு அது கை கழுவி விட்ட பேச்சு. சில நேரம் அப்படித்தான் இருக்கும், அந்த மனிதர் உண்மையிலேயே கைவிட்டிருப்பார். ஆனால் வேறு சில நேரம் அது அவருடைய நங்கூரம், அதைப் பிடித்துக்கொண்டுதான் காலையில் எழும்புகிறார். எது என்று குரலில்தான் தெரியும். நல்ல உளவளத்துணையாளர் அந்த இடத்தில், "கடவுள் விட்ட வழி என்று சொல்லும்போது உங்களுக்கு ஆறுதலாக இருக்கிறதா, பாரமாக இருக்கிறதா?" என்று கேட்பார். அந்தக் கேள்வியைக் கேட்கிறவர் கடவுளை நம்புகிறவராக இருக்க வேண்டும் என்றில்லை. நித்திரை எப்படி, பசி எப்படி என்று கேட்கிற மாதிரி, "நீங்கள் கோயிலுக்குப் போவீர்களா, அங்கே என்ன கிடைக்கிறது?" என்றும் எல்லா உளவளத்துணையாளரும் முதல் நாளே கேட்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். இங்கே பலர் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். ஒவ்வொரு ஆவணியும் கேவலார் மாதாவிடம் போகிற எங்கட சனத்தைப் பாருங்கள், சைவக்காரரும் எவ்வளவு பேர் மெழுகுதிரியோடு நிற்கிறார்கள். அந்த மனிதரிடம் சமயத்தைக் கேட்காமல் வேறு எதைக் கேட்டு அறிவது?

இப்போது, உண்மையாகவே முட்டுகிற இடங்களுக்கு வருகிறேன். பூசி மெழுகினால் உங்களுக்குப் பிரயோசனம் இல்லை.

முதலாவது குளிசை. "விசுவாசித்து நிறுத்து" என்று சொல்லி, உபவாசம் இருக்க வைத்து, மனநோய்க்குப் போடுகிற குளிசையை நிறுத்தச் சொல்கிற இடங்கள் இருக்கின்றன. பெயர் சொல்ல மாட்டேன். இது விசுவாசம் இல்லை, ஆபத்து. நீரிழிவுக்கு இன்சுலின் போடுகிறவரை யாராவது நிறுத்தச் சொல்லுகிறார்களா? குறைப்பதும் நிறுத்துவதும் எழுதித் தந்த டொக்டரின் வேலை. செபிக்கிறவர் செபிக்கட்டும், குளிசைப் பெட்டியில் கை வைக்க வேண்டாம்.

அடுத்தது மன்னிப்பு. புருசன் அடித்து, முகம் வீங்கி வந்து நிற்கிற பெண்ணிடம், "மன்னிச்சு விட்டுட்டுப் போ பிள்ளை, குடும்பம் பிரியக்கூடாது" என்று சொல்கிற பெரியவர்கள் எல்லாச் சமயத்திலும் இருக்கிறார்கள். மன்னிப்பது வேறு, திரும்பப் போய் அடி வாங்குவது வேறு. பாதுகாப்பான ஒரு அறையில் இருந்துகொண்டும் மன்னிக்கலாம், அவசரம் இல்லை. பெண்களுக்கான உதவி இலக்கம் 116016, இரவு பகல் எந்த நேரமும்.

குற்ற உணர்ச்சியும் உண்டு. இதில் நான் குருவானவர் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். உளவளத்துணையில், "அது உங்கள் பிழை இல்லை" என்று சொல்லிப் பாரத்தை இறக்கப் பார்ப்பார்கள். பெரும்பாலும் அது சரி. 2009 இல் ஓடி வரும்போது காயப்பட்டவரைத் தூக்க முடியாமல் விட்டுவந்த மனிதர் குற்றவாளி இல்லை, அவருக்கு அதைத் திரும்பத் திரும்பச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சிலர் உண்மையிலேயே ஒருவருக்குத் தீங்கு செய்திருப்பார்கள். அவர்களிடம், "உங்கள் பிழை இல்லை" என்றால் நம்ப மாட்டார்கள், தன்னை இவர் விளங்கிக்கொள்ளவில்லை என்று எழும்பிப் போவார்கள். அவர்களுக்குப் பாவசங்கீர்த்தனம் தேவை, அதாவது செய்தேன் என்று சொல்லவும் மன்னிப்புக் கேட்கவும் ஓர் இடம். சைவக்காரருக்கு அதற்கு வேறு வழிகள் உண்டு. அந்த இடத்தை உளவியல் தர முடியாது, தரப்போவதாகவும் அது சொல்லவில்லை. குருவானவரும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டதை வெளியில் சொல்லக் கூடாது, உளவியலாளரும் சொல்லக் கூடாது. இந்த நாட்டுச் சட்டமே அதைக் காக்கிறது. "அங்க போனால் கதை வெளியில வரும், விசாவுக்குப் பிரச்சினை வரும்" என்று பயப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வேதாகமத்தில் எலியா தீர்க்கதரிசியின் கதை எனக்கு மிகவும் விருப்பம். அரசி தேடிக் கொல்லப் போகிறாள் என்று வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு செடியின் கீழே விழுந்து, நான் செத்தால் போதும் என்று கடவுளிடம் கேட்கிறார். எங்களைப் போல ஓர் அகதி. தேவதூதன் வந்து, உனக்கு ஏன் விசுவாசம் இல்லை என்று பேசவில்லை. தணலில் சுட்ட அப்பமும் ஒரு குடம் தண்ணீரும் வைத்தான். சாப்பிட்டு மனிதர் திரும்பவும் படுத்துவிட்டார். தேவதூதன் பொறுத்திருந்து இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். நித்திரை, சாப்பாடு, திரும்பவும் நித்திரை. அதற்குப் பிறகுதான் கடவுள் பேசுகிறார். யோபுவின் சிநேகிதர்களும் முதல் ஏழு நாள் ஒரு சொல்லும் பேசாமல் அவரோடு நிலத்தில் இருந்தார்கள். அந்த ஏழு நாளும் அவர்கள் நல்ல உளவளத்துணையாளர்கள். வாயைத் திறந்த பிறகுதான் வினை. உன் பாவத்தால்தான் உனக்கு இது வந்தது என்றார்கள். கடைசியில் கடவுள் கோபித்தது யோபுவோடு இல்லை, இவர்களோடு.

சாவைப் பற்றியும் பேச வேண்டும், எங்கட சமூகத்தில் மூடி வைக்கிறோம் என்பதால். கத்தோலிக்கத் திருச்சபையின் 1917 ஆம் ஆண்டுச் சட்டத்தில், தன்னுயிரைத் தானே எடுத்தவருக்குத் திருச்சபை அடக்கம் இல்லை என்று இருந்தது. 1983 இல் வந்த புதிய சட்டத்தில் அந்த விலக்கு இல்லை. 1992 இன் மறைக்கல்வி நூல், கடும் மன வேதனை ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கிறது என்றும், அவர்களுடைய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது என்றும் படிப்பிக்கிறது. அந்த மாற்றத்துக்கு உளவியல் அறிவும் ஒரு காரணம் என்றுதான் நான் விளங்கிக்கொள்கிறேன். இன்னும் சில வயதானவர்கள் பழைய சட்டத்தைச் சொல்லித் தாய் தகப்பனை நோகடிக்கிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள்.

இலங்கையில் 1995 இல் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் என்ற கணக்கில் தற்கொலை நடந்தது, உலகிலேயே மிகக் கூடிய நாடுகளில் ஒன்று. மிகக் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்ய, அடுத்த இருபது வருடத்தில் அது மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. பிரசங்கத்தாலும் இல்லை, ஆலோசனையாலும் இல்லை, கெட்ட நேரத்தில் கைக்கெட்டும் இடத்தில் அந்தப் போத்தல் இல்லாததால். அந்த நேரம் கடந்தால் மனிதர் பிழைக்கிறார்.

அந்த நேரத்தைக் கடக்க ஒரு குரல் போதும் என்று கண்டுபிடித்தவர் ஓர் ஆங்கிலிக்கன் குரு. சட் வாரா என்பது பெயர். 1935 இல் இளம் குருவாக அவர் செய்த முதல் அடக்கங்களில் ஒன்று, பெரியபிள்ளையானதை ஏதோ கெட்ட வருத்தம் என்று நினைத்து உயிரை விட்ட ஒரு சிறுமியுடையது. கேட்க ஒரு ஆள் இருந்திருந்தால் அந்தப் பிள்ளை இருந்திருக்கும். 1953 இல் லண்டனில் தன் கோயிலில் ரெலிபோன் வைத்துக் கேட்கத் தொடங்கினார். அவரைச் சந்திக்கக் காத்திருந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துப் பேசிக்கொண்டிருக்கச் சில தொண்டர்கள் வந்தார்கள். பார்த்தால், அவர்களோடு பேசிய பலருக்குப் பிறகு அவரைப் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை! அடுத்த வருடமே அந்த வேலையைத் தொண்டர்களிடம் கொடுத்துவிட்டார். படித்தவர் ஒருவர் தன்னைவிடத் தேத்தண்ணி ஊற்றுகிறவர் நன்றாகக் கேட்கிறார் என்று ஒத்துக்கொண்டது பெரிய விடயம். இலங்கையில் 1974 இல் தொடங்கிய சுமித்ரயோ அந்த வழியில் வந்தது. ஜெர்மனியில் 1956 இல் பேர்லினில் கிளவுஸ் தோமஸ் என்பவர் தொடக்கினார். அவர் டொக்டர், போதகர் இரண்டும்.

அந்த ரெலிபோன் ஸேல்ஸோர்கவை இன்று கத்தோலிக்கச் சபையும் எவங்கேலிச் சபையும் சேர்ந்து நடத்துகின்றன. இலக்கம் 0800 1110111, மற்றது 0800 1110222. காசு இல்லை, இரவு பகல் எந்த நேரமும், ரெலிபோன் பில்லிலும் அந்த இலக்கம் வராது. பெயர் சொல்லத் தேவையில்லை. சபைகள் நடத்தினாலும் சமயம் கேட்க மாட்டார்கள், நீங்களாகக் கேட்டால் ஒழியச் செபிக்கவும் மாட்டார்கள். ஜெர்மன் மொழியில்தான் பேசுவார்கள், ஆனால் தட்டித் தடவிப் பேசினாலும் பொறுமையாகக் கேட்பார்கள்.

வைத்தியம் தேவையானால் குடும்ப டொக்டரிடம் சொல்லலாம், அல்லது 116117 க்கு எடுத்து உளவியலாளரிடம் முதற் சந்திப்புக்குத் திகதி கேட்கலாம். 2017 இலிருந்து அந்த முதற் சந்திப்பு முறை இருக்கிறது. தொடர்ந்து வைத்தியம் கிடைக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டி வரும், அதை மறைக்க மாட்டேன். பெரிய கரைச்சல் மொழிதான். மருத்துவக் காப்புறுதி பொதுவாக மொழிபெயர்ப்பாளருக்குக் காசு கட்டாது. அகதிகளுக்கான உளசமூக நிலையங்களில் மொழிபெயர்ப்பாளர் இருப்பார். டுசல்டோர்வில் 1987 இலிருந்து அப்படி ஒரு நிலையம் இருக்கிறது, பேர்லினில் சித்திரவதைக்கு உள்ளானவர்களுக்கு 1992 இலிருந்து இருக்கிறது, மற்ற நகரங்களிலும் உண்டு.

மொழிபெயர்ப்பாளர் இல்லை என்று பத்து வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். பல்லுக் கொதிக்கு அது போதும். ஆனால் அம்மா தனக்கு நடந்ததைச் சொல்ல, அதை மகள் தன் வாயால் "எனக்கு இப்படிச் செய்தார்கள்" என்று டொக்டருக்குச் சொல்ல வேண்டும். நான் வளர்ந்தவள், பயிற்சி எடுத்தவள், எனக்கே வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, ஒரு செபம் சொல்லிவிட்டுத்தான் சமைக்க முடியும். எங்களுக்கு மாதம் ஒருமுறை யாரிடமாவது பாரத்தை இறக்கிவைக்க ஏற்பாடு இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? தாயும் பிள்ளைக்கு முன்னால் பாதிக் கதையை விழுங்கிவிடுவா.

ஆகவே டொக்டரிடம் சொல்ல வேண்டிய வசனங்கள் ஐந்தை ஜெர்மன் மொழியில், தமிழ் எழுத்தில் எழுதி, மேலே சொன்ன இலக்கங்களோடு ஒரு தாளில் அடித்து வாசல் மேசையில் வைத்திருக்கிறேன். "எனக்கு நித்திரை வருவதில்லை", "என் பிள்ளை மொழிபெயர்க்க வேண்டாம், வேறு ஆள் வேண்டும்" என்பவையும் அதில் இருக்கின்றன. முதல் வசனத்தைச் சொல்லப் பழகினால் மற்றது தானாக வரும். போகும்போது ஆளுக்கு இரண்டு எடுங்கோ, ஒன்று இங்கே வராதவருக்கு.